பழைய வாளும் நம் மலைநாட்டு எஃகும்

வெள்ளிமலைக்குச் செல்லும் வழியில் கள்ளக்குறிச்சியில் தங்கிய இரவு, உறவினர் இல்லத்தில் நம் கையில் ஒரு வாளைக் கொடுத்தனர். அவ்வீட்டுப் பெரியவர் பினாங்கில் வணிகம் செய்தவர். ஜப்பானியர் சரணடைந்த 1945-க்குப் பின் ஊர் திரும்பியபொழுது அதைக் கொண்டு வந்தாராம். பேரப்பிள்ளை ஒருவர், துருவேறிய இரும்பு வீட்டில் இருக்கலாகாது என்று கருதி, கைப்பிடியைக் கழற்றி, அதற்குள் மறைந்திருந்த அடிப்பகுதியைச் சாணைக்காரரிடம் கொடுத்துத் தீட்டத் தொடங்கியிருந்தார். ஒரு பக்கம் கண்ணாடிபோல் மின்னியது. “எவ்வளவு சுத்தமாயிருக்கிறது பாருங்கள், மாமா” என்று மகிழ்வோடு காட்டினார். நமக்கோ நெஞ்சு பதைத்தது.

ஜப்பானிய வாளில் பிடிக்குள் நுழையும் அந்த அடிப்பகுதிக்கு ‘நக்காகோ’ என்று பெயர். வாள் செய்த கொல்லர் தம் பெயரை உளியால் வெட்டுவது அதன்மேல்தான். மறுபக்கத்தில் சில வேளை ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். அலகை எத்தனை தலைமுறைகள் மெருகிட்டாலும் நக்காகோவின் துருவை மட்டும் எவரும் தொடமாட்டார்கள். அத்துருவின் நிறமும் ஆழமும் வயதைச் சொல்லும். அரம் பாய்ந்த வரிகள் கொல்லரின் மரபைச் சொல்லும். பெயரை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். புகழ்பெற்ற கொல்லர்களின் பெயரைப் போலியாக வெட்டுவது அந்நாட்டில் பல நூற்றாண்டுகளாக நடந்துவந்த வேலை. அதனால்தான் ஹொனாமி என்னும் குடும்பத்தார் வாளை மதிப்பிட்டுச் சான்றெழுதித் தருவதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்டிருந்தனர்.

அலகிலும் படிக்க வேண்டியவை உண்டு. முதுகில் தடிப்பாகவும் விளிம்பில் மெல்லியதாகவும் களிமண் கலவையைப் பூசி, நெருப்பிலிட்டு, நீரில் தோய்ப்பார்கள். விளிம்பு விரைவில் குளிர்ந்து கடினமாகும். முதுகு நெகிழ்வோடு நிற்கும். இரண்டும் சேருமிடத்தில் மேகத்தின் ஓரம்போல ஒரு வெண்கோடு தோன்றும். ‘ஹாமோன்’ எனப்படும் அக்கோட்டின் வளைவுகளைக் கண்டே, பெயரைப் பாராமல், கொல்லர் இன்னாரென்று சொல்லும் வல்லுநர் அங்கே உளர்.

போர்க்காலத்தில் இதில் ஒரு குழப்பம் நேர்ந்தது. படை அதிகாரிகள் அனைவருக்கும் வாள் தேவைப்பட்டதால், தொழிற்சாலை எஃகில் எண்ணெயில் தோய்த்து எண்ணற்ற அலகுகள் செய்யப்பட்டன. அதே வேளையில் சிலர் மூதாதையர் வைத்திருந்த பழைய அலகையே படைக்குரிய உறையிலும் பிடியிலும் பொருத்திக்கொண்டு புறப்பட்டனர். ஆகவே வெளித்தோற்றம் ஒன்றாயிருக்கும் இரு வாள்களுள் ஒன்று மூன்று ஆண்டுப் பழமையும் மற்றது முந்நூறாண்டுப் பழமையும் உடையதாயிருக்கலாம். தென்கிழக்காசியப் படைத் தலைவர் மவுண்ட்பேட்டன், ஜப்பானிய அதிகாரிகள் தம் வாள்களை முறைப்படி ஒப்படைக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அவ்வாறு பிரிட்டிஷ், இந்தியப் படையினர் கைக்கு வந்தவற்றில் இரு வகையும் இருந்தன.

ஜப்பானிலேயே அவை அழியும் நிலை வந்ததுண்டு. 1588-இல் ஹிதெயோஷி குடியானவரிடமிருந்து வாள்களைப் பறித்தார். 1876-இல் பொதுவிடத்தில் வாள் தரிப்பதையே அரசு தடுத்தது. 1945-இல் அமெரிக்கப் படை எல்லாவற்றையும் கைப்பற்றத் தொடங்கியது. ஹொம்மா ஜுன்ஜி போன்ற அறிஞர்கள் அப்படையினரிடம் சென்று, போர்க்கருவி வேறு, கலைப்பொருள் வேறு என்று எடுத்துரைத்ததன் பயனாக நல்லவை பிழைத்தன. 1948-இல் வாள் பாதுகாப்புச் சங்கமொன்றும் அமைந்தது.

நம் நாட்டில் எடுத்துரைக்க யார் இருந்தார்கள்? தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி 1855-இல் வாரிசின்றி மறைந்தபின் அரண்மனை ஆயுதசாலை கம்பெனியார் கைக்குப் போயிற்று. அடுத்த பத்தாண்டுக்குள் அதன் பெரும்பகுதி உடைத்துப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட சிலவே சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தங்கின. அவற்றுள் பல அலகுகள் ஐரோப்பாவில் செய்யப்பட்டவை. பிடி மட்டும் நம் கொல்லர் வேலை. அத்தகைய வாளுக்கே ‘பிரங்கி’ என்று பெயர். பரங்கிப்பேட்டையின் பெயரிலுள்ள பரங்கியும் இந்தப் பிரங்கியும் ஒரே சொல்தான். பிடியைக் கண்டு நாட்டைத் தீர்மானிப்பவர் இங்கே தவறிவிடுவார்.

மறுநாள் கச்சிராயபாளையம் கடந்து மலையேறினோம். பெயர்தான் வெள்ளிமலை, சுற்றுவட்டாரத்தின் செல்வம் இரும்பு. கல்வராயனுக்கு வடமேற்கிலும் தென்மேற்கிலும் உள்ள தீர்த்தமலை, கோதுமலை, கஞ்சமலை ஆகியவற்றில் காந்த இரும்புக்கல் செறிந்து கிடக்கிறது. அக்கல்லை மரக்கரியில் உருக்கிப் பெற்ற இரும்பைத் துண்டாக்கி, ஆவாரங்கட்டையுடன் மண்குகையில் இட்டு, எருக்கிலை மூடி, களிமண்ணால் வாயடைப்பர். இருபதுக்கு மேற்பட்ட குகைகளை ஒரே உலையில் அடுக்கி ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஊதினால், கட்டையின் கரி இரும்பில் ஏறி உருக்காகிவிடும். நம் ‘உருக்கு’, கன்னடத்தின் ‘உக்கு’ ஆகியவற்றின் இனமான சொல்லே ஆங்கிலேயர் வாயில் ‘ஊட்ஸ்’ ஆயிற்று. கொல்லர் மகனாகப் பிறந்த விஞ்ஞானி பாரடே 1819 முதல் சில ஆண்டுகள் அதன் இரகசியத்தைத் தேடினார்.

அரபு நாட்டார் அதனை அவருக்கு ஆயிரம் ஆண்டுகள் முன்னரே அறிவர். இந்திய வாளுக்கு அரபியில் ‘முஹன்னத்’ என்று தனிப்பெயரே உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திருமுன் கஅபு இப்னு ஸுஹைர் (ரலி) பாடிய கஸீதாவில் அச்சொல் வருவதை நம் வாசகர் அறிவர். பக்தாதின் தத்துவ அறிஞர் அல்கிந்தி, கலீபா முஃதஸிமின் (ஆட்சி 833–842) பொருட்டு வாள்களின் வகைகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். எமன், இந்தியா, ஸரந்தீப் என்று வகுத்து, எந்த வாளில் எவ்வகை நீரோட்டம் தோன்றும் என்று விளக்குகிறார். ‘ஃபிரிந்த்’ என்னும் அந்நீரோட்டம், குகையில் விளைந்த எஃகை அடித்து, புளிப்பேற்றும்பொழுது மேலெழும் அலைக்கோலம். ஸரந்தீப் எஃகு வெறும் கதையன்று. இலங்கையின் சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டு, 1996-இல் உலகறியச் செய்யப்பட்டன.

அல்கிந்தியின் ஒரு சொல்லை இங்கே நினைக்க வேண்டும். உயர்ந்த வாளை அவர் ‘அதீக்’ என்கிறார். பழையது என்பது அதன் பொருள். எனினும் இங்கே ஆண்டுக் கணக்கை எண்ணவில்லை, உயர்குடிக் குதிரையைச் சொல்வதுபோல் எஃகின் உயர்வையே குறிக்கிறோம் என்று அவரே தெளிவாக்குகிறார். வாள் சேகரிப்போர் பலர் இன்றும் இதை உணர்ந்தாரில்லை.

ஜப்பானுக்கும் அயல் எஃகு சென்றதுண்டு. தோகுகாவா இயெயாசுவின் கொல்லரான யசுத்சுகு, தெற்கிலிருந்து வந்த அயலார் இரும்பால் செய்தது என்றே சில வாள்களின் நக்காகோவில் வெட்டினார். அவ்விரும்பு இந்தியாவிலிருந்து சென்றது என்பாரும் உளர், அறிஞரிடையே முடிவில்லை.

கோமுகியும் மணிமுத்தாவும் சேரும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. மஹ்மூது பந்தர் என்று நம்மவர் வழங்கிய அதே ஊரில் 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் இரும்பாலை தொடங்கினார். சேலத்துக் கல் படகேறி வந்தது, காடுகள் கரியாயின. ஆலை நட்டத்தில் மூழ்கி அந்நூற்றாண்டிலேயே மூடப்பட்டது. மலிவான இங்கிலாந்து எஃகின் முன் சிற்றூர்க் கொல்லரின் குகைகளும் குளிர்ந்தன. நீரோட்டம் படைத்த அலகு இன்று எவர் இல்லத்திலேனும் கிடந்தால், அதைப்போல் ஒன்று செய்ய அக்கொல்லர் மரபு இங்கே இல்லை. உப்புத்தாள் ஒருமுறை உரசினாலும் கோலம் மறைந்துவிடும்.

ஆதலின் பழைய வாள் உடையோர் சாணைக்காரரை நாடாதிருக்கட்டும். மெல்லிய எண்ணெய் தடவி, பஞ்சால் ஒற்றினால் போதும். வாள் வைத்திருப்பதற்கு 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், நூறாண்டு கடந்த தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு 1972-ஆம் ஆண்டின் சட்டமும் விதிகள் வகுத்துள்ளன; அவற்றையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

திரும்பும் வழியில் மீண்டும் கள்ளக்குறிச்சியில் இறங்கி, அவ்வாளின் தீட்டப்படாத பக்கத்தைப் படம் பிடித்து, ஜப்பானிய எழுத்தறிந்த அன்பர் ஒருவருக்கு அனுப்பினோம். ஷோவா 17-ஆம் ஆண்டு, அதாவது 1942, என்று அவர் படித்துச் சொன்னார். ஆண்டு தெரிந்துவிட்டது. பெயரிருந்த பக்கம் சாணையில் போய்விட்டது.