கலக்கும் உரிமை: ஓர் இசைக்குழுவின் அறிமுகமும் காவிரிப் படுகையின் பறையும்

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்து மேடையில் 19 கலைஞர்கள் ஏறினார்கள். கானா பாடுவோர், ராப் பாடுவோர், பறையும் சட்டியும் கட்ட மொளமும் அடிப்போர், கிதார் வாசிப்போர், டிரம்செட் வாசிப்போர் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் குழுவின் பெயர் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய ‘சாதி பேதமற்ற’ என்னும் தொடரிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி, ஆணவக் கொலை, வட சென்னை வாழ்க்கை என்று அன்று பாடியவை அடுத்த சில வாரங்களில் இணையத்தில் பரவி, தமிழில் நாட்டார் இசையையும் ராக்கையும் இணைத்த முதன்மையான அறிமுகத் தொகுதியாகப் பேசப்பட்டன. பேசியவர்களில் பெரும்பாலோர் ‘கலப்பிசை’ என்ற ஒரு சொல்லோடு விஷயத்தை முடித்துக்கொண்டார்கள். அந்தப் பாராட்டு இலக்குத் தவறியது என்பதே இக்கட்டுரையின் வாதம். தமிழ் இசையில் கலப்பு புதிதாக நடக்கவில்லை. யாருக்குக் கலக்கும் உரிமை இருந்தது என்பதுதான் அன்று மாறியது. இதைப் பார்க்கச் சென்னையை விடக் காவிரிப் படுகை வசதியான இடம். எந்த வாத்தியம் எங்கே நிற்கலாம் என்ற விதி அங்கே அவ்வளவு துலக்கமாகப் பதிவாகியிருக்கிறது.

முதலில் கலப்பு. இரண்டாம் சரபோஜி ஆண்ட 1798 முதல் 1832 வரையிலான காலத்தில் தஞ்சை அரண்மனையில் மேற்கத்திய பேண்டு வாத்தியக் குழு இருந்தது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு வயலினில் தேர்ந்து, பின்னர் திருவிதாங்கூர் சென்று சுவாதித் திருநாளிடமிருந்து தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றார். திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டு சுவரம் என்று ஏறத்தாழ 40 உருப்படிகள் இன்றும் குழந்தைகளுக்குப் பாடம். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முன்னோடி. ஐரோப்பியப் பெட்டியிலிருந்து வெளிவந்த ஒரு கருவி நூறாண்டுக்குள் பக்கவாத்தியத்தின் தலைமை இடத்தில் உட்கார்ந்துவிட்டது. இன்று அதை அந்நியம் என்று சொல்ல ஆளில்லை. எனவே மின்கிதாரைக் கண்டு மரபு கெட்டது என்று பதறுவோருக்குத் தஞ்சாவூரே போதுமான பதில். ஆனால் அந்தப் பதிலில் ஒரு விடுபடல் இருக்கிறது. அரண்மனையும் அக்கிரகாரமும் நட்டுவனார் வீடும் வேண்டியதை வேண்டிய இடத்திலிருந்து எடுத்துக்கொண்டன. சேரிக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அங்கிருந்த இசை, பிறர் எடுத்துக்கொள்ளும் சரக்காக மட்டுமே நெடுங்காலம் கருதப்பட்டது.

படுகையின் ஊர்களில் ஒலிக்கும் ஒரு வரைபடம் உண்டு. கோயிலுக்குள்ளும் கல்யாண வீட்டிலும் பெரிய மேளம்: நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த நாகசுரம், தவில், தாளம். அதன் நாயகர்கள் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை, நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்றோர். ஊர்ப்பெயரே அவர்களுக்குப் பட்டம்போல முன்னால் நிற்கும். ஊருக்கு வெளியே, சாவு வீட்டிலும் எல்லைத் தெய்வத்தின் கொடையிலும் பறை. மரவளையத்தில் கன்றுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்துக் கட்டுவார்கள். அடிக்கும் முன் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். ஈரக்காற்றில் தோல் தொய்ந்துவிடும் என்பதால் நடுவில் மறுபடி காய்ச்ச வேண்டிவரும். இடக்கையில் மெல்லிய நீண்ட சிம்புக்குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. இரண்டும் மாறி மாறி விழும்போது ஒரே தோலில் இரண்டு குரல் கேட்கும். தவிலுக்குக் குறையாத நுட்பமும் பயிற்சியும் இதற்குத் தேவை. ஆயினும் அடித்தவரின் பெயர் கல்வெட்டிலும் இல்லை, கச்சேரி நோட்டீசிலும் இல்லை. அடிப்பது கலையாகக் கணக்கில் வராமல் ஊழியமாகவே கணக்கில் வந்தது. தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லித் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியதே 2022இல்தான். ஊழியம் எவ்வளவு காலம் நீடித்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இந்த ஊழியத்துக்கு எதிராக இரண்டு வழிகள் எழுந்தன. அவை ஒன்றோடொன்று மோதவும் செய்தன. இனி அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தது ஒன்று. பல ஊர்களில் இதற்காக அடியும் ஊர்விலக்கமும் வாங்கினார்கள். பறையை விடுதலையின் கருவியாக எடுத்து மேடையேற்றியது மற்றொன்று. படுகையின் வரலாறு இரண்டாம் வழிக்கு ஒரு பாடலைக் கொடுத்தது. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதை ஒட்டி இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாடலைக் கே. ஏ. குணசேகரன் ஊர் ஊராகப் பாடினார். நாட்டார் மெட்டு, தெளிவான அரசியல், பாடுபவரின் பெயர் மூன்றும் ஒன்றாக நின்ற அந்த மேடைதான் கேஸ்ட்லெஸ் கலெக்டிவுக்கு உண்மையான முன்னோடி. குழுவின் வேரை மேற்கத்திய ராக்கில் மட்டும் தேடும் விமர்சனம் இதைக் காணாமல் போகிறது.

ராக் இசையின் சொந்த வரலாற்றோடு ஒப்பிட்டாலும் வேறுபாடு தெரிகிறது. அமெரிக்காவின் தி பேர்ட்ஸ் குழு 1965 ஜூனில் வெளியிட்ட ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ என்ற முதல் தொகுதிதான் ஃபோக் ராக் என்ற வகைக்கே அடித்தளம் போட்டதாகச் சொல்வார்கள். பன்னிரண்டு தந்தி மின்கிதாரின் மணியோசை அதன் அடையாளம். அதிலுள்ள ‘தி பெல்ஸ் ஆஃப் ரிம்னி’ வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளரைப் பற்றியது. சுரங்கத்தில் வேலை செய்த கவிஞர் இட்ரிஸ் டேவிஸின் வரிகளுக்கு பீட் சீகர் மெட்டமைத்தார். சீகரிடமிருந்து பேர்ட்ஸ் எடுத்துக்கொண்டார்கள். சுரங்கத்திலிருந்து ஒலித்தட்டு வரை இரண்டு மூன்று கைகள் மாறியிருக்கின்றன. பாடல் அழகு, அதில் ஐயமில்லை. ஆனால் தொழிலாளி அங்கே பாடுபொருள், குழுவின் உறுப்பினர் அல்லர். இந்திய ராக் குழுக்கள் பலவும் நாட்டார் பாடலை இப்படித்தான் அணுகின. கீழ்ப்பாக்கம் மேடையில் கை மாறுவதற்கு இடமே இல்லை. கானாவோடு வளர்ந்தவர்களே கானா பாடினார்கள். கிதார் அவர்களுக்குத் துணை வந்தது. அந்த 19 பேரில் ஒரே பெண்ணான இசைவாணி, ஆண்களின் வட்டமாகவே இருந்துவந்த கானாவில் தன் பெயரைச் சொல்லிப் பாடினார் என்பதையும் இத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

இதற்கு எழக்கூடிய வலுவான மறுப்பு இளையராஜா. 1976இல் ‘அன்னக்கிளி’ என்ற தம் முதல் படத்திலேயே கிராமத்து மெட்டையும் மேற்கத்தியத் தந்தி வாத்தியங்களையும் அவர் இணைத்தார். அவரும் பண்ணைபுரத்திலிருந்து, அண்ணன் பாவலர் வரதராசனின் கம்யூனிஸ்ட் மேடைகள் வழியே வந்தவர். ஒடுக்கப்பட்ட பின்புலத்திலிருந்து வந்த ஒருவர் நாற்பதாண்டுக்கு முன்பே கலக்கும் உரிமையை எடுத்துக்கொண்டாரே, பிறகு 2018இல் என்ன புதுமை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. இசையளவில் இளையராஜாவின் சாதனை கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் எட்டியதை விடப் பன்மடங்கு பெரியது. அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் அந்த உரிமை ஒரு மேதையின் கையெழுத்துக்குள் அடங்கியது. இசைக்குறிப்பை அவர் எழுதினார், கூடத்தில் இருந்தவர்கள் வாசித்தார்கள். பறையோ உறுமியோ அடித்தவரின் பெயர் ஒலித்தட்டு உறையில் அச்சாவது திரை இசையின் வழக்கத்திலேயே இல்லை. குழு என்ற வடிவம் அந்த வழக்கத்தை உடைக்கிறது. ராக் இசை தமிழுக்குத் தந்த பெரிய கொடை மின்கிதாரின் ஓசை என்று பலரும் நினைக்கிறார்கள். வாசிப்பவர் ஒவ்வொருவருக்கும் பெயரும் முகமும் உண்டு என்ற ஏற்பாடே அதைவிடப் பெரிய கொடை.

வேறு சில மறுப்புகளைச் சுருக்கமாகவே எதிர்கொள்ளலாம். கானா சென்னையின் நகரத்து வடிவம், அதை நாட்டார் இசை என்பது பொருந்தாது என்பது ஒன்று. நாற்றங்காலில் பாடினால்தான் நாட்டார் பாட்டு என்ற விதி ஆய்வாளர் வகுத்தது, பாடுவோர் வகுத்ததல்ல. கானாவுக்கும் படுகையின் பறைக்கும் சாவு வீடு பொதுவான களம் என்பதே உறவை நிறுவப் போதும். திரைப்பட இயக்குநரின் ஆதரவில் வளர்ந்த குழு தன்னெழுச்சியாகாது என்பது இன்னொன்று. ஆதரவின்றி வளர்ந்த இசை எது? ஆதீனமும் அரசரும் புரந்த தஞ்சை இசையை முன்னால் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பது சற்று வேடிக்கைதான். சில பாடல்களில் முழக்கம் இசையை முந்திவிடுகிறது என்ற குறையை மட்டும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கனமான மறுப்பு பறையை வீசியெறிந்தவர்களிடமிருந்து வருகிறது. இழிவு என்று விட்டொழித்ததை விளக்கொளியில் வைத்து அழகு பார்ப்பது, சாவு வீட்டில் இன்னும் கட்டாயத்தால் அடிப்பவரின் நிலையை மறைக்காதா? பறை ஆதியில் சாவுக்கருவி மட்டுமல்ல என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் பறையைக் கருப்பொருளாகச் சொல்வதும், மருதத்துக்கு உரையாசிரியர்கள் நெல்லரி கிணையைக் காட்டுவதும் உண்மை. வயலில் அறுப்புக்கு ஒலித்த தோல்தான் பிற்காலத்தில் எல்லைக்குத் தள்ளப்பட்டது என்று கருத அது இடம் தருகிறது. ஆனாலும் பழம்பெருமை இன்றைய கட்டாயத்தைத் தளர்த்தாது. இங்கே பார்க்க வேண்டியது நிபந்தனையை. மறுக்கும் சுதந்திரம் உள்ள இடத்தில் அடிப்பதும், மறுத்தால் அடி விழும் இடத்தில் அடிப்பதும் ஒரே செயல் ஆகா. ஊதியம் பேசி, பெயர் போட்டு, தான் தேர்ந்த பாட்டுக்கு அடிக்கும் கலைஞர், வீசியெறிந்தவரின் எதிர்ப்பை வேறொரு களத்தில் தொடர்கிறார். இரண்டு வழிகளும் எதிர்த்தது ஒரே கட்டாயத்தைத்தான்.

இந்த அறிமுகத்தின் செல்வாக்கை அளக்க, அதைப் போலவே ஒலிக்கும் குழுக்கள் எத்தனை என்று எண்ணுவது பெரிதாக உதவாது. 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ விழா, சபாக்களின் பருவத்திலேயே ஒப்பாரிக்கும் பறைக்கும் கானாவுக்கும் தனி மேடை போட்டது. குழுவில் அறியப்பட்ட தெருக்குரல் அறிவு, 2021 மார்ச்சில் பாடகி தீயுடன் பாடி சந்தோஷ் நாராயணன் இசையமைப்பில் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய நிலமற்றோரின் நினைவை உலகம் கேட்கச் செய்தார். அதே ஆண்டு ஓர் இசை இதழின் அட்டையில் அவர் படம் இல்லாததும், 2022இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாடல் ஒலித்தபோது அவர் மேடையில் இல்லாததும் பெரும் விவாதமாயின. அந்தப் பாடலின் உரிமையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையல்ல. விவாதம் நடந்தது என்பதே கவனிக்கத்தக்கது. நடவுப் பாடல்களும் தாலாட்டுகளும் தொகுப்பாசிரியர் பெயரை அட்டையில் தாங்கி நூலான காலத்தில், பாடிய பெண்ணின் பெயர் எங்கே என்று கேட்டவர் அரிது. திரைக்கூடத்தில் உறுமி அடித்தவருக்கு அப்படிக் கேட்கும் களமே இருக்கவில்லை. 2021இல் அந்தக் கேள்வி நாளிதழ்களின் தலைப்பு வரை போனதென்றால், அதற்கான தரையை 2018 ஜனவரியில் ஒரே வரிசையில் நின்ற அந்த 19 பேர் முன்பே சமன்படுத்தியிருந்தார்கள்.