நீலகிரி அடிவாரத்து அரிவாள் அணு: லேமனின் இன விளக்கத்துக்கு ஒரு மறுப்பு

தென்னிந்தியாவில் அரிவாள் அணுப் பண்பு இருப்பதை ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் 1952இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அறிவித்தார்கள். நீலகிரிப் பழங்குடிகளின் இரத்தமே அவர்கள் காட்டிய சான்று. இந்த மரபணு பற்றிய இந்திய ஆய்வு வரலாற்றுக்கு அதுதான் தொடக்கம். அந்தக் கண்டுபிடிப்பை நான் மறுக்கவில்லை. அதற்கு லேமன் தந்த விளக்கத்தையே மறுக்கிறேன். ஆதி இனம் ஒன்றின் இடப்பெயர்ச்சிக்கு இது அடையாளம் என்றார் அவர். மலேரியாக் கிருமிக்கும் உடலின் உள்ளார்ந்த நோயெதிர்ப்புக்கும் இடையே பல நூறு தலைமுறைகளாக நடந்துவரும் போரின் தடம் இது என்பது என் வாதம். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த தொழிலாளர்களை நம்பி இயங்கும் திருப்பூர் வட்டாரத்துக்கு இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன்.

லேமன் சொன்னது

லேமன் நீலகிரியை ஆராயுமுன் உகாண்டாவில் பணியாற்றியவர். 1949இல் ரேப்பருடன் சேர்ந்து, அந்நாட்டு மக்கள் குழுக்களிடையே அரிவாள் பண்பு எப்படிப் பரவியிருக்கிறது என்று ஆராய்ந்து, அந்தப் பரவலுக்கு இனவியல் பொருள் உண்டு என்று எழுதினார். அதே கண்ணோடுதான் நீலகிரியையும் பார்த்தார். 1954இல் யூஜெனிக்ஸ் ரிவ்யூவில் வந்த கட்டுரை இதை முழுக் கோட்பாடாகவே விரித்தது: பண்டைய அரேபியாவில் தோன்றிய அரிவாள் மரபணுவை, 'வெட்டாயிடு' என்று அன்றைய மானிடவியலர் பெயரிட்டிருந்த மக்கள் கிழக்கே இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், மேற்கே அது கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது.

லேமனுக்கு நியாயம் செய்வதானால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரத்த வகைகளைக் கொண்டு இனங்களைப் பிரித்தறிவது 1919இல் ஹிர்ஸ்ஃபெல்ட் தம்பதியர் தொடங்கிவைத்த மரபு. லேமன் அந்த மரபில் வந்தவர். அவர் எங்கே வழுவினார் என்பதை அறிய, அன்றைய சோதனையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைப்பார்கள். சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசல் ஒரு துளி சேர்த்து, மெல்லிய கண்ணாடியால் மூடி, காற்றுப் புகாமல் விளிம்பை அடைப்பார்கள். ஆக்சிஜன் தீர்ந்ததும், வட்டமாக இருந்த சிவப்பணுக்கள் நீண்டு வளைந்து கதிரறுவாளைப் போலாகும். அந்தத் தகடு சொல்வது இவ்வளவுதான்: பண்பு இருக்கிறது, அல்லது இல்லை. மரபணு ஒரு பிரதியா இரண்டு பிரதியா என்றுகூட அது சொல்லாது. மரபணுவைச் சூழ்ந்த டிஎன்ஏ எப்படிப்பட்டது, எத்தனை தலைமுறையாக அது அந்தச் சமூகத்தில் இருக்கிறது, ஏன் நிலைத்தது ஆகிய கேள்விகளுக்கு அதில் விடையே கிடையாது. அந்தத் தகட்டை வைத்துக்கொண்டு ஓர் இனத்தின் பயண வழியை வரைந்ததுதான் லேமனின் வழு.

எதிர்ச் சான்றுகள்

முதல் சான்று இலங்கையிலிருந்து வருகிறது. 'வெட்டாயிடு' என்ற வகைக்குப் பெயர் தந்தவர்கள் இலங்கை வேடர்கள். அவர்களுடைய இரத்தத்தை ஆராய்ந்து விக்கிரமசிங்க, இக்கின், மூரன்ட் ஆகியோர் 1963இல் வெளியிட்ட ஆய்வில் லேமனும் ஓர் ஆசிரியர். அரிவாள் ஹீமோகுளோபின் அங்கே கிடைக்கவில்லை. கிடைத்தது ஹீமோகுளோபின் ஈ. மலேரியாவோடு தொடர்புபடுத்தப்படும் வேறொரு திரிபு அது. சிறு சமூகமாகிய வேடர்கள் ஒருகாலத்தில் இருந்த அரிவாள் மரபணுவைத் தற்செயலாக இழந்திருக்கலாம் என்று லேமன் தரப்பில் பதில் சொல்ல முடியும். ஆனால், ஒரு மரபணு தற்செயலாக மறையக்கூடியது என்றால், அதையே இனத்தின் நிலையான முத்திரை என்று எப்படிக் கொள்வது?

இரண்டாவது சான்று ஒடிசாவிலிருந்து. மேற்கு ஒடிசாவில் இந்த மரபணு பழங்குடிகளோடு நின்றுவிடவில்லை. அகரியா போன்ற உழவர் சாதிகளிடமும் அது பரவலாக உண்டு. சாதி எல்லையைத் தாண்டிய ஒன்றை ஆதி இனத்தின் தனிச் சொத்து என்று சொல்ல இயலாது.

லேமனுக்குச் சாதகமான சான்றையும் மறைக்கக் கூடாது. 1989இல் லாபி, கிருஷ்ணமூர்த்தி, நேகல் முதலியோர், இந்தியப் பழங்குடிகளிடம் அரிவாள் மரபணு ஒரே டிஎன்ஏ பின்னணியில் அமர்ந்திருப்பதைக் காட்டினார்கள். அதிலிருந்து, மரபணு மட்டுமல்ல, அந்தப் பழங்குடிகளுமே ஒரே மூலத்தவர் என்றார்கள். முதல் பாதி எனக்கு உடன்பாடே. இரண்டாம் பாதி அதிலிருந்து பிறக்கவில்லை. உயிர் காக்கும் மரபணு பரவ ஒரு மக்கள்கூட்டமே குடிபெயர வேண்டியதில்லை. சில மண உறவுகளில் நுழைந்தாலே போதும், மலேரியா நிலவும் ஊரில் அது தானாகப் பெருகிவிடும்.

அடிவாரத்தில் மலேரியா எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கு ரொனால்டு ராஸே சாட்சி. செகந்தராபாத்தில் கொசு வயிற்றில் கிருமியைக் கண்ட அதே 1897இல், சில மாதங்கள் முன்னதாக அவர் உதகையில் விடுப்பில் இருந்தார். சீகூர் மலைப்பாதையில் இறங்கிச் சென்றபோது அவரையே மலேரியா பிடித்தது. உதகையின் குளிரில் அருகியிருந்த காய்ச்சல், சில மணி நேர இறக்கத்தில் ஆளைச் சாய்க்கும் அளவுக்கு இருந்தது. இருளரும் குறும்பரும் தலைமுறைகளாக வாழ்ந்தது அந்தச் சரிவுகளிலும் காடுகளிலும்தான்.

விளக்கம் மாறிய விதம்

மலேரியாவை எதிர்க்கும் இரத்தத் திரிபுகள் இயற்கைத் தேர்வால் நிலைக்கலாம் என்று 1949இல் ஹால்டேன் கருதினார். அவர் பேசியது தலசீமியாவைப் பற்றி. அரிவாள் பண்புக்கு இதை நிறுவியவர் ஆலிசன். 1954இல் அவர் வெளியிட்ட சோதனையில், பண்பு உடைய 15 பேரில் 2 பேருக்கே தொற்று பிடித்தது. பண்பு இல்லாத 15 பேரில் 14 பேருக்குப் பிடித்தது. லேமனின் கோட்பாடும் ஆலிசனின் சோதனையும் ஒரே ஆண்டில் வெளிவந்தவை.

பாதுகாப்பு எப்படிக் கிடைக்கிறது என்ற கேள்வியில்தான் உள்ளார்ந்த நோயெதிர்ப்பு உள்ளே வருகிறது. கிருமி நிறைந்த சிவப்பணுக்கள் ஒருசேர வெடிக்கும் நேரத்தில்தான் காய்ச்சல் ஏறுகிறது என்று 1886இல் கோல்ஜி கண்டார். அப்போது வெளியேறும் கிருமியின் டிஎன்ஏவையும், அது ஹீமோகுளோபினைத் தின்று விட்டுச்செல்லும் ஹீமோசோயின் படிகங்களையும் உடலின் முதல்நிலைக் காவல் அணுக்கள் உணர்ந்து அழற்சியைக் கிளப்புகின்றன என்பது பிற்கால அறிவு. இந்தக் காவல்தான் கிருமியை அடக்குகிறது. அளவு மீறினால் நோயாளியைக் கொல்வதும் இதுவே.

அரிவாள் பண்பு இதில் இரு வழிகளில் தலையிடுகிறது. ஒன்று, எதிர்ப்பு. கிருமி புகுந்த அணு எளிதில் அரிவாளாக வளைகிறது என்று 1970இல் லுசாட்டோ குழுவினர் காட்டினார்கள். அத்தகைய அணுக்களைக் கிருமியின் இளம் பருவத்திலேயே விழுங்கணுக்கள் கூடுதலாக விழுங்குவதை 2004இல் அயி குழுவினர் காட்டினார்கள். மற்றொன்று, தாங்குதிறன். 2011இல் ஃபெரெய்ரா, சோரெஸ் குழுவினர் எலிகளில் செய்த ஆய்வின்படி, அரிவாள் ஹீமோகுளோபின் ஹீம் ஆக்சிஜனேஸ்-1 என்ற நொதியை முன்கூட்டியே தூண்டிவைக்கிறது. அதனால் கிருமியின் எண்ணிக்கை குறையவில்லை. ஆனாலும் எலிகள் மூளை மலேரியாவில் சாகவில்லை.

ஒரு திரிபு, தீராத ஒரு காலக் கணக்கு

நீலகிரி மரபணுவின் தனித்தன்மை அதன் சுற்றுப்புறத்தில் இருக்கிறது. அரபு–இந்திய வகை எனப்படும் இந்தப் பின்னணியில், காமா குளோபின் மரபணுவுக்கு 158 எழுத்துகள் முன்னால் சைட்டோசின் இருக்க வேண்டிய இடத்தில் தைமின் இருக்கிறது. இந்த ஓரெழுத்து மாற்றத்தோடு சேர்ந்து, சிசுப் பருவத்து ஹீமோகுளோபின் வளர்ந்த பிறகும் கணிசமாகத் தங்குகிறது. அது அணுக்கள் வளைவதைத் தடுக்கும். ஆப்பிரிக்க வகைகளில் இரு பிரதி உடைய, அதாவது அரிவாள் நோய் உள்ள, குழந்தைக்கு மண்ணீரல் சிறு வயதிலேயே சுருங்கிச் செயலிழப்பது வழக்கம். இந்திய நோயாளிகள் பலரிடம் அது நீண்ட காலம் தங்குகிறது.

மண்ணீரல்தான் கிருமி புகுந்த அணுக்களை வடிகட்டும் உறுப்பு. அது தங்குவதால், இரு பிரதி உடையோரில் கூடுதலானோர் பிழைத்து வளர்ந்திருப்பார்கள். மரபணுவுக்காகச் சமூகம் கொடுத்த விலை இங்கே குறைவு. ஆகவே ஆப்பிரிக்க அளவுக்கு மலேரியா இல்லாமலேயே, நீலகிரிச் சரிவுகளில் மரபணு உயர்ந்த விகிதத்தை எட்டியிருக்க முடியும். இது என் ஊகம். மேலே சொன்ன இரு வழிகளின் சான்றுகள் பெரும்பாலும் ஆப்பிரிக்க இரத்தத்திலும் எலியிலும் கிடைத்தவை என்பதை அறிந்தே சொல்கிறேன். ஆனாலும், விகிதம் ஏன் குழுவுக்குக் குழு மாறுகிறது என்பதற்கு இது ஒரு காரணம் காட்டுகிறது. லேமனின் இனக் கோட்பாடு காட்டியதெல்லாம் ஒரு பெயர்தான்.

காலக் கணக்கு தீரவில்லை. 1986இல் குலோசிக் குழுவினர், ஆசிய அரிவாள் மரபணு தனியே தோன்றியது என்றார்கள். 2018இல் ஷ்ரைனரும் ரோட்டிமியும், எல்லா வகைகளுக்கும் சுமார் 7,300 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் தோன்றிய ஒரே மூலம் என்றார்கள். பிந்தைய கணக்கு சரியென்றால், மரபணு வெளியிலிருந்து வந்தது என்ற அளவில் லேமனுக்குப் பாதி வெற்றி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இப்போதுள்ள சான்று எனக்குப் போதவில்லை. எங்கிருந்து வந்தது என்பது எப்படி முடிந்தாலும், ஏன் நிலைத்தது என்ற கேள்விக்கு விடை மாறாது.

திருப்பூருக்கு என்ன

லேமன் நீலகிரியை அறிவித்த அதே 1952இல், டன்லப்பும் மஜும்தாரும் மேல் அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் அரிவாள் நோயைக் கண்டார்கள். அந்தத் தோட்டங்களுக்கு ஆள் போனது மத்திய, கிழக்கு இந்தியாவிலிருந்து. மரபணு கூலி வேலையோடு பயணம் செய்யும் என்பதை அன்றே அந்த ஆய்வு காட்டியது. லேமனின் புகழ் அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இன்று அதே நிலப்பகுதியிலிருந்து ஒடிசா, ஜார்கண்ட் இளைஞர்கள் பனியன் கம்பெனிகளுக்கு வருகிறார்கள். 2023இல் தொடங்கிய தேசிய அரிவாள் அணுச்சோகை ஒழிப்பு இயக்கம், 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கும் நோக்கத்துடன் பழங்குடியினர் மிகுந்த மாவட்டங்களை மையமாகக் கொண்டது. தேவையான திட்டம்தான். ஆனால் பழங்குடிப் பட்டியலும் மாவட்ட எல்லையும் மட்டும் அளவுகோலானால், ஒடிசாவின் காளஹண்டியில் உழவர் சாதியில் பிறந்து, திருப்பூரில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கும் இளைஞர் விடுபட்டுப் போவார். ஒரு பிரதி உடையவருக்கு அது மலேரியாவில் கேடயம். இரு பிரதி உடையவருக்கோ மலேரியா உயிரையே பறிக்கலாம். ஊருக்குப் போய்த் திரும்பியவர் காய்ச்சலோடு வந்தால் மலேரியாவுக்கு இரத்தம் எடுக்கிறோம். அதே இரத்தத்தில் அரிவாள் சோதனையும் செய்யலாம். என்ன சாதி என்று கேட்பதைவிட, எந்த ஊர்க் காய்ச்சலைக் கடந்து வந்த குடும்பம் என்று கேட்பதே சரியான கேள்வி.