பீப்பாவிலிருந்து பேணிக்கு

கண்டி மாநகரிலே, வாவிக்கு மேலுள்ள சாரலில் அமைந்த ஒரு வீட்டின் முன்விறாந்தையில், மாலை மழை ஓய்ந்தபின் ஓர் ஆங்கில ஏல்ப் பேணி திறக்கப்படுகின்றது என்று கொள்வோம். கடல் கடந்து வாழும் உறவினர் ஒருவர் விடுமுறையில் வருகையில் கொணர்ந்தது அது. வீட்டுக்காரர் அதனைப் பனிக்கட்டிபோலக் குளிர்விக்கவில்லை. மிகக் குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும். 10 முதல் 13 பாகை செல்சியசு வரையுள்ள குளிர்மையே ஏலுக்கு ஏற்றது. கண்ணாடிக் குவளையிலே செப்பு நிறம் தெளிகின்றது. வறுத்த தானியத்தின் மணம் எழுகின்றது. முதலில் சிறிது இனிப்பு, முடிவிலே நாவில் நின்று நீடிக்கும் கசப்பு. அந்தக் கசப்புக்கு ஒரு வரலாறு உண்டு.

முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையின் சாற்றை மதுவத்தினால் நொதிக்கச் செய்வதே பியர். வெதுவெதுப்பான நிலையில், மதுவம் மேலே மிதந்து நொதிக்கும் வகை ஏல் எனப்படும். மலைநாட்டுக் கித்துட் கள் ஒரு பொழுதிற் புளித்துவிடும். ஏலோ பல மாதங்கள் தாங்கும். தாங்கச் செய்வது ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ. சுயஸ் கால்வாய் திறக்கப்பட்ட 1869ஆம் ஆண்டுக்கு முன், இங்கிலாந்திலிருந்து வரும் பீப்பாக்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கிற் கடலில் மிதந்தன. வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பியருக்கு இப்பூவை மிகுதியாகச் சேர்க்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது. எனவே, நாவிலே நிற்கும் அக்கசப்பு நெடும்பயணத்தின் சுவடு எனலாம்.

கொழும்புத் துறையில் இறங்கியதோடு அப்பயணம் முடிந்ததா? இல்லை. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமான பின்னரும் மலைநாட்டுக்கு ஒழுங்கான பாதை இருக்கவில்லை. தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் காலத்தில், 1820களிலே, கண்டி வீதி அமைக்கப்பட்டது. அப்பணியை நடத்திய கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கின்றது. ஆனால், மலையை வெட்டியும் கல்லைச் சுமந்தும் அவ்வீதியை உருவாக்கியவர்கள் இராஜகாரியக் கட்டாய ஊழியத்தில் அழைக்கப்பட்ட ஊர்மக்கள். அவர்களுக்கு அத்தகைய கோபுரம் எழவில்லை. அந்த ஊழியம் 1832இலேயே ஒழிக்கப்பட்டது.

வீதியின் பின்னே கோப்பித் தோட்டங்கள் பெருகின. மாட்டுவண்டிகள் கோப்பி மூட்டைகளைக் கொழும்புக்கு இறக்கின; திரும்பி ஏறுகையில் அரிசியையும், துரைமார்க்கு வேண்டிய பண்டங்களையும் கொணர்ந்தன. அவற்றுள் ஆங்கிலப் பியரும் ஒன்று. அதே காலத்தில் வடக்கிலிருந்து இன்னொரு பாதையும் கண்டிச் சீமையை நோக்கி வந்தது. தமிழகத்துக் குடியானவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, மாத்தளை வழியாக நூறு மைலுக்கு மேல் நடந்து தோட்டங்களை அடைந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டவர் பலர். ஒரு பாதையில் மது வண்டியேறி வந்தது. மறு பாதையில் மனிதர் காலால் நடந்து வந்தனர்.

துரையின் மேசையிலிருந்த ஏல் அம்மனிதரின் கைக்கு எட்டவில்லை. அவர்களுக்கென வாய்த்தது சாராயத் தவறணை. சாராயக் குத்தகை அந்நாளைய அரசிறையின் முக்கிய ஊற்றுக்களுள் ஒன்று; குத்தகைக்காரர் செல்வந்தராயினர்; உழைப்பவன் கூலி தவறணையிற் கரைந்தது. 1904இலும் 1912இலும் இலங்கையில் மதுவிலக்கு இயக்கம் கிளர்ந்தெழுந்ததற்கு இந்த வேதனையும் ஒரு காரணம். மது ஒன்றாயினும் பலவாயினும், யார் இலாபம் பெற்றார், யார் விலை கொடுத்தார் என்ற கேள்வியை வரலாறு கேட்காமல் விடாது.

1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. வண்டிகளின் காலம் தளர்ந்தது. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1881இல் நுவரெலியாவில் இலங்கை மதுவடிசாலை நிறுவப்பட்டது. ஏறக்குறைய 6,200 அடி உயரத்துக் குளிரும் மலைநீரும் அதற்குத் துணைநின்றன. கடல் கடந்து வந்த தொழில் மலையிலேயே வேரூன்றியது. 1990களில் உற்பத்தி பியகமைக்கு மாறும்வரை அது அங்கே நடைபெற்றது.

இங்கே ஒரு வியப்பு உண்டு. இங்கிலாந்திலேயே மரபான பீப்பா ஏல் அருகி வந்தமையால், அதனைக் காக்க 1971இல் ஓர் இயக்கம் தொடங்க நேர்ந்தது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், மைக்கல் ஜாக்சன் என்னும் ஆங்கில எழுத்தாளர் கண்டிக்கு வந்தபோது, நகரக் கடையொன்றிலே மரப்பீப்பாவிலிருந்து கைப்பம்பினால் கரும்பியர் இறைத்து வழங்கப்படுவதைக் கண்டார். தாய்நாட்டில் நலிந்த வழக்கம் மலைநகரில் உயிரோடிருந்தது.

பேணியோ இளைய பாத்திரம். 1935 ஜனவரி 24ஆந் திகதி அமெரிக்காவின் றிச்மண்ட் நகரில் பேணிப் பியர் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே வேல்சிலுள்ள ஃபெலின்ஃபோயல் மதுவடிசாலையும் அதனைச் செய்துகாட்டியது. அயலூரான லனெல்லி தகரத் தொழிலுக்குப் பேர்போனது. உலோகம் பியரிற் படாதவாறு உள்ளே பூச்சிட்டமையாலேயே இது கைகூடியது. இன்றைய அலுமினியப் பேணி இலேசானது, ஒளிபுகாதது, உடையாதது. பீப்பாவை ஏற்றப் பல காளைகள் வேண்டியிருந்தன. பேணியோ ஒரு பயணப்பெட்டியின் மூலையில் அடங்கிவிடுகின்றது.

முன்விறாந்தையிலே குவளை வெறுமையாகின்றது. அடியில் நுரையின் வளையம் மட்டும் எஞ்சுகின்றது. எதிரே, இருளும் வேளையில், மாத்தளைத் திசையிலுள்ள மலைகள் நீலமாய் மங்குகின்றன. அவற்றின் ஊடாக நடந்து வந்தவர்களின் பேரரின் பேரன் ஒருவன் இன்று தன் வீட்டிலேயே, தன் விருப்பப்படி, துரைமாரின் பானத்தைச் சுவைத்துப் பார்க்கலாம். பிடிக்கவில்லையென்று குவளையை ஒதுக்கியும் வைக்கலாம். அப்படி ஒதுக்கிவைக்கும் உரிமையும் அவனுடையதே. அவன் முன்னோர்க்கு இரண்டுமே இருந்ததில்லை.