தூய ஆவியார் பெருவிழாவும் மாதோட்டக் கரையின் இறைசமூகமும்

தூய ஆவியார் பெருவிழா என்பது, இயேசு உயிர்த்தெழுந்த பாஸ்கா ஞாயிற்றிலிருந்து எண்ணி ஐம்பதாம் நாளில் கத்தோலிக்கரும் பிற கிறித்தவரும் கொண்டாடும் விழாவாகும். ‘ஐம்பதாவது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெந்தக்கோஸ்து என்ற பெயரே திருவிவிலியத்தில் இதற்கு வழங்குகிறது. பாஸ்கா நாள் ஆண்டுதோறும் மாறுவதால் இவ்விழாவும் மே 10க்கும் யூன் 13க்கும் இடைப்பட்ட ஏதேனும் ஒரு ஞாயிறன்று வருகிறது. மன்னார்த் தீவும் அதற்கெதிரே பெருநிலப்பரப்பில் மாந்தை, பாப்பாமோட்டை, விடத்தல்தீவு, தேவன்பிட்டி என்று பூநகரி வீதியை ஒட்டி வடக்கே நீளும் மாதோட்டக் கரையும் இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கத்தின் மிகப் பழைய நிலங்களுள் அடங்குபவை. குருக்கள் இல்லாமலும் ஆலயம் இல்லாமலும், சில காலங்களில் ஊரே இல்லாமலும் வாழ நேர்ந்த மக்கள் தங்களைச் சபையாகக் காத்துக்கொண்ட வரலாறு இக்கரைக்கு உண்டு என்பதால், ஒரு சபை ஆவியால் புதுப்பிக்கப்படுவது என்றால் என்ன என்ற கேள்விக்கு இங்கே கிடைக்கும் விடை தனித்தன்மை உடையது.

விழாவின் வேர் யூதர்களின் அறுவடை விழாவில் இருக்கிறது. பாஸ்காவுக்கு ஏழு வாரம் கழித்து, கோதுமை அறுவடையின் முதற்பலனை இறைவனுக்குப் படைக்க யூதர்கள் பல நாடுகளிலிருந்தும் எருசலேமில் கூடியிருந்த வேளையில், அச்சத்தால் ஒடுங்கியிருந்த சீடர்கள்மீது பெருங்காற்றின் ஒலியோடும் நெருப்புநாவுகளின் தோற்றத்தோடும் தூய ஆவி இறங்கியதையும், அவர்கள் பேசியதை ஒவ்வொரு நாட்டவரும் தத்தம் மொழியில் கேட்டு வியந்ததையும் திருத்தூதர் பணிகள் நூலின் இரண்டாம் அதிகாரம் விவரிக்கிறது. அன்று ஏறத்தாழ 3,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர் என்று கூறும் அவ்வதிகாரம் வியப்போடு நின்றுவிடாமல், அவர்கள் கற்பித்தலிலும் நட்புறவிலும் அப்பம் பிடுவதிலும் வேண்டுதலிலும் நிலைத்திருந்ததையும், உடைமைகளைப் பொதுவாக வைத்துத் தேவைக்கேற்பப் பகிர்ந்ததையும் சொல்லியே முடிகிறது. பிற்காலத்தார் பலர் காற்றையும் நெருப்பையும் நினைவில் வைத்து, அதிகாரத்தின் இந்தக் கடைசிப் பகுதியை விரைந்து கடந்துவிடுவது ஒரு பெரும் இழப்பே.

காற்று, மூச்சு, உயிர் ஆகிய மூன்றையும் எபிரேயமும் கிரேக்கமும் ஒரே சொல்லால் சுட்டுகின்றன. தமிழில் ‘ஆவி’ என்பதும் மூச்சு, உயிர், நீராவி என்று விரியும் சொல்லாதலால் மூலத்தின் பொருள்வளம் இங்கே பெரிதும் குறையவில்லை. ஆனால் தமிழ்க் கத்தோலிக்கர் இச்சொல்லை உடனே ஏற்றுவிடவில்லை. போர்த்துக்கேயரிடமிருந்து வந்த ‘இஸ்பிரீத்து சாந்து’ என்னும் வடிவமே தலைமுறைகளாகச் செபங்களில் ஒலித்தது. பின்னர் அது ‘பரிசுத்த ஆவி’ ஆகி, இன்றைய வழிபாட்டுத் தமிழில் மரியாதைப் பன்மையுடன் ‘தூய ஆவியார்’ என நிலைபெற்றுள்ளது. ஆவியைப் பொருளாகக் கருதாமல் ஆளாகக் கருதும் இறையியலுக்கு அந்த ‘ஆர்’ விகுதி மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

விழா வரும் பருவமும் இக்கரை மக்களுக்குப் பொருள் உடையது. கட்டுக்கரைக்குளத்து நீரால் விளையும் காலபோக நெல் அதற்குள் அறுவடையாகி முடிந்திருக்கும்; தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வலுக்கத் தொடங்கியிருக்கும். சோளகத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிப்பதால், வாடைக்காலத்தில் அங்கே தொழில் செய்தோர் பாக்குநீரிணைப் பக்கத்துக்கு மாறி, ‘வாடி’ எனப்படும் தற்காலிகக் குடில்களில் தங்குவது வழக்கம். காற்று திசைமாறினால் வாழ்வே இடம்மாறும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்களுக்கு, காற்றாக வந்து மனிதரை இருந்த இடத்திலிருந்து எழுப்பிய ஆவியைப் பற்றிய வாசகம் வெறும் உவமையாகக் கேட்பதில்லை.

குருக்கள் இல்லாத தலைமுறைகள்

1544இல் மன்னார் மக்களின் அழைப்பை ஏற்று, தென்தமிழ்நாட்டு முத்துக்குளிப்புக் கரையில் பணியாற்றிய புனித பிரான்சிஸ் சவேரியார் தமக்குப் பதிலாக ஒரு குருவை அனுப்பினார். அவரிடம் பலர் திருமுழுக்குப் பெற்ற சில காலத்திலேயே யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படை அவர்களுள் ஏறத்தாழ 600 பேரைக் கொன்றது. மன்னார் மறைசாட்சிகள் என்று போற்றப்படும் அவர்களின் நினைவு தீவிலுள்ள தோட்டவெளி ஆலயத்தில் இன்றும் பேணப்படுகிறது. 1560இல் மன்னாரைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் அங்கே கோட்டை அமைத்தபின் பங்குகளும் ஆலயங்களும் பெருகின.

1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் வென்ற ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றி, அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பதையும் தண்டனைக்குரியதாக்கினர். 1687இல் கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்துசேரும் வரை, ஏறக்குறைய 30 ஆண்டுகள், இம்மக்களுக்குத் திருப்பலி நிறைவேற்ற எவரும் இல்லை. இக்காலத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தது, செபங்களை மனப்பாடமாகக் கற்பித்தது, இறந்தோரை அடக்கம் செய்தது எல்லாம் பொதுநிலையினரே, அதாவது குருத்துவம் பெறாத ஊர் மக்களே. ஆலயக் காரியங்களுக்குத் தலைமை ஏற்கும் ‘மூப்பர்’, செபமும் பாட்டும் நடத்தும் ‘அண்ணாவியார்’ ஆகியோரின் பொறுப்புகளை ஜோசப் வாஸ் முறைப்படுத்தி, தாம் ஆண்டுக்கு ஒருமுறைகூட வர இயலாத ஊர்களையும் அவர்களைக் கொண்டே இணைத்து வைத்தார். 1711இல் கண்டியில் இறந்த அவரை 2015 சனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே மடுத் திருத்தலத்துக்கும் வந்து செபித்தார்.

மடுத் திருத்தலத்தின் தோற்றமும் இதே நெருக்கடியைச் சார்ந்தது. 1670இல் மாந்தையைச் சேர்ந்த 20 கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் ஆலயத்து அன்னையின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு, ஒல்லாந்தரின் கை எட்டாத கண்டி அரசின் எல்லைக் காடான மருதமடுவில் குடியேறினர் என்பது மரபு. ஊரைவிட்டு ஓடும்போது எடுத்துச்செல்ல வேண்டிய பொருள் எது என்று அவர்கள் தேர்ந்துகொண்டது, அவர்கள் தங்களை எதனால் ஒரு சமூகமாகக் கருதினர் என்பதைக் காட்டுகிறது. தலைமை தாங்கும் குரு இல்லாத இடத்திலும் சபை இருக்கக்கூடும் என்று மெய்ப்பித்த அந்தத் தலைமுறைகளே, மாதோட்டத்தில் பெந்தக்கோஸ்தை உண்மையில் வாழ்ந்தவர்கள் என்று கொள்வது தகும்.

பிரித்தானியர் ஆட்சியில் வழிபாட்டு உரிமை திரும்பியபின், 1847இல் இலங்கை வந்த அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் பங்குகளை மீண்டும் நிறுவினர். யாழ்ப்பாண மறைமாவட்டத்திலிருந்து பிரித்து மன்னார் மறைமாவட்டம் 1981இல் உருவாக்கப்பட்டது.

விழாவும் ஊரும்

ஆண்டவரின் விண்ணேற்றத்துக்கும் பெந்தக்கோஸ்துக்கும் இடைப்பட்ட ஒன்பது நாளும் சீடர்கள் இயேசுவின் தாய் மரியாவோடு மேலறையில் செபத்தில் காத்திருந்ததை நினைந்து, அந்நாள்களில் தூய ஆவியார் நவநாள் செபிக்கப்படுகிறது. எல்லாப் பங்குகளிலும் அதைச் செபிக்கும்படி திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1897இல் பணித்தார். விழாவன்று குரு நெருப்பைக் குறிக்கும் செந்நிற உடையணிந்து திருப்பலி நிறைவேற்றுவார். ஆவியாரின் ஏழு கொடைகளை மூத்தோர் ஞானம், புத்தி, விமரிசை, திடம், அறிவு, பக்தி, தெய்வபயம் என்று பழைய பெயர்களிலேயே மனப்பாடமாகச் சொல்வர். ‘விமரிசை’ என்பது ஆராய்ந்து நல்லுரை கூறும் ஆற்றலைச் சுட்டுவது. இவ்வேழு கொடைகளோடு நேரடித் தொடர்புடைய அருளடையாளம் உறுதிப்பூசுதல் ஆகும்; பெரிய வாரத்தில் ஆயர் மந்திரித்த கிறிஸ்மா எனும் நறுமணத் தைலத்தை நெற்றியில் பூசி இது வழங்கப்படுகிறது. இதை வழக்கமாக ஆயரே வழங்குவதால், பிள்ளைகளின் ஆயத்தமும் ஆயரின் வருகையும் சிற்றூர்களில் முழு ஊரின் காரியங்களாகிவிடுகின்றன.

சபையின் அன்றாட வாழ்வுக்கு அடித்தளமாக இருப்பது ‘அன்பியம்’. பக்கத்துப் பக்கத்து வீட்டார் சில குடும்பங்களாகக் கூடி, நற்செய்தியை வாசித்துத் தம் வாழ்வோடு பொருத்திப் பேசி, யார் வீட்டில் நோய், யாருக்கு உதவி தேவை என்பதையும் அங்கேயே தீர்மானிக்கும் சிறு குழு இது. இதனுடன் 1921இல் டப்ளினில் தோன்றிய மரியாயின் சேனையும், 1833இல் பாரிசில் தோன்றி ஏழைகளைத் தேடிச் செல்லும் வின்சென்ட் டி போல் சபையும் இங்குள்ள பங்குகளில் வேரூன்றியுள்ளன. கலையும் இச்சமூக வாழ்வின் ஓர் உறுப்பே: மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இருவகைப்படும் மன்னார் நாட்டுக்கூத்தும், ஆளுயர உருவங்களைக் கொண்டு ஆண்டவரின் பாடுகளைக் காட்டும் பேசாலையின் ‘உடக்குப் பாஸ்’ நிகழ்வும் பல மாத ஒத்திகையாலும் பலருடைய உழைப்பாலும் ஊரையே ஒன்றாகக் கட்டுபவை.

அருங்கொடை இயக்கமும் பெந்தக்கோஸ்துச் சபைகளும்

பெந்தக்கோஸ்து என்ற பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் நினைவுக்கு வருபவை பெந்தக்கோஸ்துச் சபைகள் என்பதால், இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். முன்னையது எல்லாக் கிறித்தவரும் கொண்டாடும் விழா. பின்னையவை, 1906இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் அசுசா தெருவில் எழுந்த எழுப்புதலையொட்டி உலகெங்கும் பரவிய தனிச் சபைகள். இலங்கையில் இவ்வகைச் சபைகள் 1920களில் வேர்கொண்டன. கேரளத்தில் பிறந்த இராமன்குட்டி என்ற பாஸ்டர் பால் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. ஆயினும் அசுசா தெருவுக்கு 46 ஆண்டுகள் முன்னரே, 1860இல், திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் என்ற தமிழ் ஊழியரின் தலைமையில் கிறிஸ்தியான்பேட்டையில் தோன்றிய எழுப்புதலில், இறைவாக்குரைத்தலும் பிறமொழிப் பேச்சும் பதிவாகியுள்ளன. இவ்வகை அனுபவம் தமிழருக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு என்னும் கருத்து இதனால் வலுவிழக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபைக்குள் இதற்கு இணையாக எழுந்தது அருங்கொடை இயக்கம். புதிய பெந்தக்கோஸ்து வேண்டுமென்று திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் செபித்துத் தொடங்கிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடிந்த ஒன்றரை ஆண்டுக்குள், 1967 பிப்ரவரியில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து டுகேன் பல்கலைக்கழக மாணவர் சிலர் பங்கேற்ற தியானத்தில் இது தொடங்கியது. புகழ்ச்சிச் செபம், சாட்சியம், குணமளிக்கும் வழிபாடு, தமிழ் விவிலியம் ‘பரவசப் பேச்சு’ என்று பெயர்க்கும் அறியாத ஒலிகளிலான செபம் ஆகியவை இவ்வியக்கத்தின் அடையாளங்கள். தமிழ்ப் பங்குகளில் இது வாராந்தரச் செபக்குழுவாகவும், நற்கருணை ஆராதனையோடு கூடிய முழு இரவுச் செபமாகவும் உருப்பெற்றது. இக்குழுக்களுக்கெல்லாம் பொதுவான உலக அமைப்பொன்றைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019 பெந்தக்கோஸ்தை ஒட்டிச் செயல்படத் தொடங்கச் செய்தார்.

ஆரவாரம் மிகுந்த இச்செபமுறை, செபமாலையிலும் அமைதியான திருப்பலியிலும் ஊறிய மூத்தோருக்கு உடனே உவப்பாவதில்லை. கொரிந்தியருக்குத் திருத்தூதர் பவுல் இட்ட வரம்பு, அதாவது பரவசப் பேச்சுக்கு விளக்கம் தருவோர் வேண்டும், இல்லையேல் பேசுவோர் சபையில் அமைதி காக்க வேண்டும் என்பது, இன்றும் பயனுள்ள அளவுகோலே. எனினும் வேறெங்கும் வாய்திறந்து அழ இடமில்லாதவர்களுக்கு, சிறப்பாகப் போரில் கணவரையும் பிள்ளைகளையும் இழந்த பெண்களுக்கு, தம் துயரைப் பெயர்சொல்லிக் கூறவும் அதற்காகப் பிறர் கைநீட்டிச் செபிக்கவும் இவ்வகைக் குழுக்கள் இடமளிப்பதை எந்தத் திறனாய்வும் குறைத்து மதிப்பிடக் கூடாது.

சிதறலும் மீண்டும் கூடலும்

உள்நாட்டுப் போரினால் 1990 முதல் மடு வளாகம் பல்லாயிரம் அகதிகளின் புகலிடமாயிற்று. 1999 நவம்பரில் அவ்வளாகத்துக்குள்ளேயே எறிகணைகள் விழுந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2008 ஏப்ரலில் சண்டை மடுவை நெருங்கியபோது குருக்கள் அன்னையின் திருச்சொரூபத்தை மேற்குக் கரையிலுள்ள தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றனர். மாந்தையிலிருந்து காட்டுக்குப் போன சொரூபம் 338 ஆண்டுகளுக்குப் பிறகு அடைக்கலம் தேடி மீண்டும் மாதோட்டக் கரைக்கே வந்தது. அவ்வாண்டின் பெந்தக்கோஸ்து மே 11 அன்று வந்தது. மாதோட்டத்து ஊரான அடம்பன் அதற்கு இரண்டு நாள் முன்னர் இராணுவத்தின் வசமாகியிருந்தது. விடத்தல்தீவு யூலை 16இல் வீழ்ந்தது. கரையோர மக்கள் வடக்காகவும் பின்னர் கிழக்காகவும் நகர்ந்துகொண்டே இருந்தனர். 2009இல் போர் முடிந்தபின், செட்டிகுளம் முகாம்களிலிருந்து படிப்படியாக ஊர் திரும்பியோர் வீடுகளையும் வயல்களையும் போலவே ஆலயங்களையும் தொடக்கத்திலிருந்து திருத்த வேண்டியதாயிற்று. 1992 முதல் 2016 வரை மன்னார் ஆயராயிருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, காணாமற்போனோருக்காக அரசின் முன் எண்ணிக்கையோடு கேள்வி எழுப்பியதும் இந்த மீள்கூடலின் ஒரு பகுதியே. அச்சத்தால் கதவடைத்திருந்தவர்கள் வெளியே வந்து பேசினார்கள் என்பதுதானே பெந்தக்கோஸ்து வாசகத்தின் நடு நிகழ்வு.

2018 முதல், பெந்தக்கோஸ்துக்கு மறுநாளான திங்கள், மரியாவைத் திருச்சபையின் தாயாக நினைவுகூரும் நாளாக உலகெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. மேலறையில் சீடரோடு இருந்த தாயை நினையும் அந்நாள் முடிந்து சில வாரங்களில், யூலை 2ஆம் நாள் பெருவிழாவுக்காக மடுவில் கொடியேறும். மாதோட்டத்து ஊர்களிலிருந்து குடும்பங்கள் பாத்திரங்களோடும் பாய்களோடும் புறப்பட்டு, 1670இல் மாந்தை மக்கள் நடந்து சென்ற அதே காட்டில் மரநிழலில் கூடாரமிட்டு, நவநாள் முடியும்வரை தங்குவார்கள்.