மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

பழைய கார் ஒன்று காலையில் ஸ்டார்ட் ஆகல்லண்டா கராஜ்காரர் முதலில் பார்ப்பது இரண்டு விஷயம். பிளக்கில் பொறி வருதா? எஞ்சினுக்குள் பெற்றோல் ஆவி போகுதா? நம்ம அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்றுப் பக்கம் மாரி மழையில் பல நேரம் சிக்கல் பொறியில்தான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்கியிருக்கும். கழற்றித் துடைத்துப் போட்டால் கிளம்பிவிடும். ஆவி போதாது என்றால் அதற்குச் சோக் இருக்கு. இழுத்தால் காற்றுக் குறைந்து பெற்றோல் கூடும். எஞ்சின் சூடான பிறகும் அதை உள்ளே தள்ளாமல் விட்டால் பிளக் கறுத்து நனைந்து, வண்டி பாதியில் நின்றுவிடும்.

இதெல்லாம் தாங்கியில் பெற்றோல் இருக்கிற ஊரின் கதை. பெற்றோலே கிடைக்காத ஊரில் என்ன செய்வது? 1990களின் யாழ்ப்பாணம் இந்தக் கேள்விக்குப் பல வருஷம் பதில் தேடியது.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியதும், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த குடாநாட்டுக்குப் பெற்றோல், பட்டரி, சீமெந்து என்று ஒரு நீண்ட பட்டியலை அரசாங்கம் தடை செய்தது. மின்சாரமும் போனது. கள்ளமாக வந்த பெற்றோல் பொன்விலை. ஓரளவுக்குக் கைக்கு எட்டியது மண்ணெண்ணெய்தான். அதையே காருக்கும் ஊற்றினார்கள்.

எல்லாக் காரும் இதற்கு இணங்காது. மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் குறைவு. அழுத்தம் கூடிய எஞ்சினில் அது நேரத்துக்கு முந்தி வெடித்து, 'டக் டக்' என்று அடிக்கும். ஒஸ்டின் ஏ-40 போன்ற பழைய பிரித்தானியக் கார்களின் அழுத்த விகிதம் 7க்கு 1 என்ற அளவை ஒட்டியது. அதனால்தான் கொஞ்சம் புதிய ஜப்பான் கார்கள் கொட்டிலில் தூங்க, கிழடு என்று ஒதுக்கின ஒஸ்டினும் மொறிஸ் மைனரும் ரோட்டுக்கு வந்தன.

ஆனா காலையில் ஸ்டார்ட் செய்வதுதான் பெரும்பாடு. பெற்றோல், உறைபனியிலும் பற்றக்கூடிய ஆவியைத் தரும். மண்ணெண்ணெய்க்கு ஏறக்குறைய 38 பாகை செல்சியஸ் வேணும். மார்கழிக் காலையில் யாழ்ப்பாணம் 25 பாகைக்குக் கீழே இருக்கும். நமக்கு இதமான காற்று, மண்ணெண்ணெய்க்கோ கடும் குளிர். சோக்கை எவ்வளவு இழுத்தாலும் வேலையில்ல, ஆவிக்குப் பதில் திரவமே உள்ளே போய் பிளக்கை நனைக்கும். ஆகவே ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலைப் பொத்திப் பொத்தி வைத்து, காபுரேற்றருக்குள் சில துளி விட்டு எஞ்சினைப் பிடிக்கவைத்தார்கள். அது சூடாகும் வரை துளித்துளியாகப் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய்.

இந்த முறையை யாழ்ப்பாணத்தார்தான் கண்டுபிடித்தார்கள் என்று சிலர் பெருமையாக எழுதுறாங்க. அது முழுக்கச் சரியில்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் பெர்குசன் ட்ரக்டரின் ஒரு வகை இப்படித்தான் ஓடியது. பெற்றோலுக்கு ஒரு சிறிய அறை, மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்குப் பெரிய அறை, சூடானதும் மாற்ற ஒரு குழாய்த்திருப்பி. அங்கே தொழிற்சாலையே எரிபொருளைச் சூடாக்கும் வசதியைப் பொருத்திக் கொடுத்தது. இங்கே அந்த வசதி இல்லாத எஞ்சினை வைத்துச் சமாளித்தார்கள். வித்தியாசம் அதில்தான்.

ஓடுற வண்டி நிற்பதற்கும் காரணம் அதே வெப்பம்தான். சும்மா இயங்கவிட்டாலோ, சோதனைச்சாவடியில் காத்துக் கிடந்தாலோ எஞ்சின் ஆறும். ஆவி திரும்பவும் திரவமாகும். வெள்ளைப் புகையோடு இரண்டு மூன்று தரம் இருமிவிட்டு வண்டி நின்றுவிடும். மறுபடி கிளப்ப மறுபடி பெற்றோல் துளி வேணும். எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்யும், அதனால் எஞ்சின் சீக்கிரம் தேயும். ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஒருத்தரை ஏற்றிக்கொண்டு போகையில் இந்தக் கணக்கு என்னவாகும் என்று யோசிங்க. பழைய கார் ஞாபகங்களைச் சிரிப்புக் கதையாகச் சொல்வோர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுறாங்க.

இன்னொன்றையும் தாண்டிப் போறாங்க. 1990 ஒக்டோபர் 30 அன்று, இரண்டு மணிநேர அவகாசம் கொடுத்து யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். இரும்புக் கடையும் பழைய இரும்பு வியாபாரமும் லொறித் தொழிலும் செய்தவர்கள் அந்த மக்களில் நிறையப் பேர். ஆணிக்கும் இரும்புக்கும் ஊர் தவித்த காலத்தில், அந்தக் கடைக்காரர்கள் புத்தளத்து அகதி முகாம்களில் இருந்தார்கள். 'நாங்கள் எப்படிச் சமாளித்தோம்' என்று எழுதும்போது அந்த 'நாங்கள்' யார் என்று கேட்பது, இந்தக் கரையில் இருந்து வாசிக்கிற எனக்கு அவசியமாகப்படுது.

2022இல் பெற்றோல் செட்டுகளில் நாள்கணக்கில் வரிசை நின்றபோது இந்த மண்ணெண்ணெய்க் கதை திரும்பவும் வாய்களில் வந்தது. ஆனா அந்தத் தரம் மண்ணெண்ணெய்க்கே வரிசை. மீன்பிடிப் படகுகள் கரையில் கிடந்தன. ஓகஸ்ட் மாதம் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாயானது. வரிசையில் நின்ற புதிய கார்களில் சில துளி விடுவதற்குக் காபுரேற்றரே கிடையாது.