தென்துருவக் குளிரில் நாய்களுக்கு இடம் அமைத்த வரலாறு

தென்துருவக் கண்டத்தின் நிலப்பகுதியில் மனிதர் முதன்முதலாக ஒரு குளிர்காலத்தைக் கழித்தது 1899இல் ஆகும். கார்ஸ்டன் போர்ச்கிரேவிங்க் தலைமையில் அடேர் முனையில் இறங்கிய அக்குழுவினர் சறுக்குவண்டி இழுக்க நாய்களையும், அவற்றைப் பேண வட நார்வேயின் சாமி இனத்தவர் இருவரையும் உடன் கொண்டுசென்றிருந்தனர். அன்று தொடங்கி, 1994இல் கடைசி நாய் அக்கண்டத்தை விட்டு வெளியேற்றப்படும் வரையில், நாய்களைக் கொண்டுசென்ற ஒவ்வொரு பயணக்குழுவும் ஒரே கேள்விக்கு விடை தேட நேர்ந்தது: மாதக்கணக்கில் கப்பலில் அடைபட்டு, வெப்பமண்டலத்தையும் கடந்து வந்த நாயைத் திறந்த வெளியின் குளிர்காலத்துக்கு எவ்வாறு பழக்குவது? அவர்கள் கண்ட விடைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், நாயை வாட்டியது பெரும்பாலும் குளிரின் அளவன்று, ஈரமும் காற்றும் ஓரிடத்தில் கட்டிப்போட்ட நிலையுமே என்பது புலப்படும்.

வடபுல நாயின் உடலில் இருவகை மயிர் உண்டு. நீரும் பனியும் உள்ளே இறங்காமல் தடுக்கும் நீண்ட, முரடான மேல்மயிர் ஒன்று. அதன் அடியில் காற்றைச் சிறைப்படுத்தி உடற்சூட்டைக் காக்கும் அடர்ந்த, மென்மையான அடிமயிர் மற்றொன்று. இலையுதிர்காலத்தில் பகற்பொழுது குறையக் குறைய அடிமயிர் தடித்து வளர்வதும், வேனிலில் அது உதிர்வதும் இயல்பு என்பதால், வீட்டுக்குள் இருந்த நாயை நடுக்குளிரில் திடீரென வெளியேற்றுவது தகாது. பருவம் மாறும் மாதங்களிலேயே அது வெளிக்காற்றுக்குப் பழகத் தொடங்க வேண்டும். பாதங்களுக்கு வேறொரு காப்பு உண்டு. உள்ளங்காலின் தசைமெத்தையில் தமனிகளைச் சுற்றிச் சிறு சிரைகள் பின்னிக் கிடப்பதையும், வெளிநோக்கிப் பாயும் சூடான குருதி குளிர்ந்து திரும்பும் குருதியை அங்கேயே சூடேற்றிவிடுவதையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல் விளக்கினர். இத்தகைய உடலமைப்பும் நனைந்த மயிருக்கு உதவாது. நீர் புகுந்த அடிமயிரில் காற்று தங்குவதில்லை.

தென்துருவத்தை முதலில் எட்டிய நார்வேயர் ரோல்ட் அமுண்ட்சென் இதை நன்கு அறிந்திருந்தார் என்பதை அவருடைய ஏற்பாடுகளே காட்டும். 1910 ஆகஸ்டில் ஃப்ராம் கப்பல் 97 கிரீன்லாந்து நாய்களுடன் நார்வேயிலிருந்து புறப்பட்டபோது, மேல்தளத்தின் மீது சற்று உயர்த்திப் பலகைகளால் இரண்டாவது தளம் ஒன்று பாவப்பட்டிருந்தது; மழைநீரும் அலைநீரும் பலகைகளுக்கு அடியிலேயே ஓடிவிட, நாய்கள் உலர்ந்த இடத்தில் படுத்தன. வெப்பமண்டலத்தில் தலைக்கு மேல் பாய்ப்பந்தல் விரிக்கப்பட்டது. வழியில் குட்டிகள் பல பிறந்தமையால், 1911 ஜனவரியில் திமிங்கில விரிகுடாவை அடைந்தபோது நாய்களின் எண்ணிக்கை குறைவதற்கு மாறாக 116 ஆகக் கூடியிருந்தது. இதற்கு நேர்மாறானது, அதே காலத்தில் தென்துருவத்தை நோக்கிச் சென்ற பிரிட்டானியர் ஸ்காட்டின் டெர்ரா நோவா கப்பலின் நிலை. 1910 டிசம்பர் தொடக்கத்தில் வீசிய புயலில், மேல்தளத்தில் சங்கிலியிட்டுக் கட்டப்பட்டிருந்த நாய்களின் மீது அலைகள் ஓயாமல் மோதின. அவற்றுள் ஒன்று கடலோடு போயிற்று. இரு குழுவினரின் நாயறிவை ஒப்பிடுவோர் துருவப் பயணத்தின் வேகத்தையே பேசுவது வழக்கம். வேறுபாடோ கப்பல் தளத்திலேயே தொடங்கிவிட்டது.

திமிங்கில விரிகுடாவில் பனிப்படுகையின் மீது, பதினாறு பேர் தங்கக்கூடிய பெருங்கூடாரங்களை அமுண்ட்சென் நாய்களுக்கென ஒதுக்கினார். கூடாரத்துக்குள் தரை ஏறத்தாழ ஆறடி ஆழத்துக்குத் தோண்டப்பட்டது. பாறைபோல் இறுகிய பனி என்பதால் கோடரி கொண்டு வெட்ட வேண்டியிருந்தது. இப்பள்ளத்தில் காற்று வீசாது, இடமோ விசாலமானது. இரவில் அங்கே கட்டப்பட்ட நாய்கள் பகலில் அவிழ்த்துவிடப்பட்டு, விருப்பம்போல் திரிந்து, மாலையில் தத்தம் கூடாரத்துக்குத் திரும்பின. கடல்நாய் எனத் தமிழில் வழங்கும் சீலின் இறைச்சியும் கொழுப்பும் ஒருநாள், உலர்மீன் மறுநாள் எனத் தீனி அமைந்தது. கொழுப்பில்லாத தீனி குளிரில் உடற்சூட்டைத் தாங்காது. இருப்பினும் இந்தக் காப்பு முகாமோடு நின்றுவிட்டது. 1911 செப்டம்பர் 8இல், வசந்தம் வருமுன்னே அவசரமாகப் புறப்பட்ட முதற் பயணத்தில் வெப்பநிலை மைனஸ் 50 பாகை செல்சியஸுக்கும் கீழே இறங்க, மறைவின்றிப் பனியில் படுத்த நாய்களின் பாதங்கள் விறைத்தன; திரும்பும் வழியில் இரண்டு நாய்கள் படுத்த இடத்திலேயே உறைந்து மடிந்தன. துருவத்தை எட்டிய பயணம் அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது.

பிரிட்டானியப் பயணக்குழுத் தலைவர் ஷாக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பல் வெடல் கடலின் பனியில் சிக்கியபோது இக்கேள்வி வேறு வடிவில் எழுந்தது. 1915 பிப்ரவரி இறுதியில் கப்பலையே குளிர்கால முகாமாக மாற்ற முடிவு செய்யப்பட்டதும், மேல்தளக் கூண்டுகளில் இருந்த நாய்கள் கீழே உறைந்த கடலின் மீது குடியேற்றப்பட்டன. பனிக்கட்டிப் பாளங்களை அடுக்கி, இடைவெளிகளில் பனியைத் திணித்து, இனுயிட் மக்களின் இக்லூ வீட்டை நினைவூட்டும் வகையில் மாலுமிகள் கட்டிய சிறு கூடுகளுக்கு 'டாக்லூ' என்று வேடிக்கையாகப் பெயரிட்டனர். பொழுதுபோகாதவர்கள் சில கூடுகளுக்குத் திண்ணையும் கோபுரமும் வைத்து அழகு பார்த்தனர். சங்கிலியின் ஒரு முனையைப் பனியில் புதைத்து, மேலே பனித்துண்டுகளை அழுத்தி நீரை ஊற்றினால், சில நொடிகளில் அது இறுகிச் சிமெண்ட் இட்டதுபோல் ஆகிவிடும். நாய்களோ பனிப்புயல் வீசாத நாட்களில் இக்கூடுகளை ஒதுக்கி வெளியே சுருண்டு படுப்பதையே விரும்பின. ஆகஸ்ட் 1ஆம் நாள் பனித்தளம் பிளந்தபோது அவற்றை அவசரமாகக் கப்பலேற்ற நேர்ந்தது. அந்த நாய்களில் பலவற்றை மாய்த்தது குளிரன்று, குடற்புழுக்களே; புழுவகற்றும் மருந்து கப்பலில் ஏற்றப்படாமல் விடுபட்டிருந்தது.

பிற்காலத்தில் கூடு கட்டும் முயற்சியே பெரிதும் கைவிடப்பட்டது. 1940களிலிருந்து பிரிட்டன் நடத்திய நிலையங்களில், பனியின் மீது நீளமாக இழுத்துக் கட்டிய இரும்புக்கம்பி வடத்தில், ஒன்றையொன்று எட்டாத இடைவெளி விட்டு நாய்கள் ஆண்டு முழுவதும் வெளியிலேயே பிணைக்கப்பட்டன. குளிருக்குப் பழகிய நாய் மூக்கை வாலால் மூடிச் சுருண்டு, தன்மீது படியும் பனியையே போர்வையாக்கிக்கொள்ளும் என்பது அதற்குள் தெளிவாகியிருந்தது. கட்டிய நாய் முற்றிலும் மனிதரை நம்பியிருப்பது என்பதையோ ஜப்பானியரின் ஷோவா நிலையம் கொடுமையாக உணர்த்தியது. 1958 பிப்ரவரியில் அங்கே சங்கிலியோடு விட்டுவரப்பட்ட 15 நாய்களுள் ஏழு கட்டிய நிலையிலேயே இறந்தன, ஆறு காணாமற்போயின. கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு தப்பிய தாரோ, ஜிரோ என்னும் இரண்டும் ஒரு முழுக் குளிர்காலத்தைக் கூரையின்றிக் கடந்து, 1959 ஜனவரியில் உயிரோடு காணப்பட்டன.

நாய்களிடமிருந்து சீல்களுக்கு நோய் தொற்றக்கூடும் என்னும் அச்சத்தால், 1991ஆம் ஆண்டின் மாட்ரிட் உடன்படிக்கை 1994 ஏப்ரல் 1க்குள் நாய்கள் யாவற்றையும் தென்துருவக் கண்டத்திலிருந்து அகற்றப் பணித்தது. பிரிட்டனின் ரொதெரா நிலையத்துக் கடைசி நாய்கள் அவ்வாண்டு பிப்ரவரியில் புறப்பட்டு, கனடாவின் வட கியூபெக்கில் உள்ள இனுக்ஜுவாக் என்னும் இனுயிட் ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவ்வூர்க் குளிர் அவற்றுக்குப் புதிதன்று. ஆயினும், பிற நாய்களோடு பழகாமலே வளர்ந்தமையால் அங்குள்ள நோய்களுக்கு எதிர்ப்பு ஆற்றல் இன்றி, அவற்றுள் பல விரைவில் இறந்தன.