திபேரியஸின் தீவும் வெள்ளலூர்க் காசுகளும்

திபேரியஸ் என்ற ரோமாபுரிப் பேரரசனின் முகத்தை நான் முதன்முதலில் பார்த்தது, ஆர்.எஸ்.புரத்து வீட்டின் மாடியறையில், நாணயவியல் நூலொன்றின் கறுப்பு வெள்ளைப் படத்தில். கூர்த்த மூக்கு, இறுகிய வாய், தலையில் இலைமாலை. பின்பக்கத்தில் கையில் கிளையுடன் அமர்ந்திருக்கும் ஒரு பெண். அவனுடைய தாய் லிவியா என்று பலர் கொள்வர். கண்டெடுக்கப்பட்ட இடம் என்ற குறிப்பில் 'வெள்ளலூர், கோயம்புத்தூர் ஜில்லா' என்றிருந்தது. உக்கடத்தில் பஸ் மாறினால் போய்விடக்கூடிய ஊர்! அன்றிலிருந்தே அந்த மனிதன் வாழ்ந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை உள்ளே கிடந்தது. அது நிறைவேறப் பல ஆண்டுகள் ஆயின.

நேப்பிள்ஸ் துறைமுகத்திலிருந்து படகேறினால் காப்ரி. வளைகுடாவின் தெற்கு வாயிலில் நிற்கும் சுண்ணாம்புப் பாறைத் தீவு. பரப்பு சுமார் 10 சதுர கிலோமீட்டர்தான். அகஸ்டஸ் இதை நேப்பிள்ஸ் நகரத்தாரிடமிருந்து, இதைவிடப் பெரிய இஸ்கியா தீவைக் கொடுத்து மாற்றாகப் பெற்றான். அவனுக்குப் பின் வந்த திபேரியஸ் கி.பி. 26இல் ரோமை விட்டு வெளியேறி, மறு ஆண்டு இங்கே குடியேறி, 37இல் இறக்கும்வரை தலைநகருக்குள் காலெடுத்து வைக்கவே இல்லை. பத்தாண்டுக் காலம் ஒரு பேரரசு கடிதங்களாலேயே ஆளப்பட்டது.

தீவின் வடகரையில் ஒரு சிறு குடா இருக்கிறது. 'திபேரியஸின் குளிப்பிடம்' என்று உள்ளூரார் அழைக்கிறார்கள். மணல் கிடையாது, கூழாங்கற்கள்தாம். பின்னால் செங்குத்தான பாறை, முன்னால் நேப்பிள்ஸ் வளைகுடா, தொலைவில் வெசூவியஸ். கரையிலும் நீருக்குள்ளுமாக அரண்மனையொன்றின் சுவர்கள் சிதைந்து கிடக்கின்றன. சாய்சதுரக் கற்களை வலைபோல் அடுக்கிய ரோமானியக் கட்டுமானம். பாசி படிந்தும் அந்த ஒழுங்கு குலையவில்லை. அதன்மீது துண்டை உலர்த்திவிட்டுப் பிள்ளைகள் நீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

என்னை நிறுத்தியது அந்த நீரின் நிறம். ஆழம் குறைந்த இடத்தில் பசுமையும் நீலமும் கலந்து, அடியிலுள்ள கல் தெரியுமளவுக்குத் தெளிந்த நிறம். மூத்த பிளினி தன் இயற்கை வரலாற்றில், பச்சைக்கல் வகைகளுள் தூய கடலின் பசுமையைக் கொண்டதே உயர்ந்தது என்கிறார். அவை இந்தியாவிலன்றி வேறிடங்களில் அரிதாகவே கிடைப்பன என்றும் எழுதுகிறார். அக்கல் கிடைத்த இடங்களுள் ஒன்று காங்கயத்தை அடுத்த படியூர். அதை அறுத்து, மெருகேற்றி, மணியாக்கிய பட்டறைகள் நொய்யல் கரையில் கொடுமணலில் இருந்தன. பதிற்றுப்பத்து இருமுறை 'கொடுமணம்' என்று குறிப்பிடும் ஊர் இதுவே என்பது அறிஞர் கருத்து. 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் முடிந்த மணிகளோடு, பாதி துளையிட்டுக் கைவிடப்பட்டவையும் கிடைத்தன. முடிந்த மணியைவிட அந்தப் பாதி மணியே எனக்கு அதிகம் பேசுவதாகத் தோன்றுகிறது. துளை கோணிப்போய்க் கல் விரிந்தபோது ஒரு கைவினைஞன் உதிர்த்திருக்கக்கூடிய வசைச்சொல் அதில் கேட்கிறது.

குடாவிலிருந்து மீண்டு, தீவின் கிழக்கு முனையிலுள்ள யோவிஸ் மாளிகைக்கு ஏறினேன். கடல்மட்டத்திற்கு மேல் 300 மீட்டருக்கும் கூடுதலான உயரம், மூச்சு வாங்கிவிடுகிறது. மாளிகையின் நடுவே இருப்பவை மாபெரும் தண்ணீர்த் தொட்டிகள். ஊற்றில்லாத குன்று, ஆகவே மழைநீரைச் சேமித்தே அரசனும் ஏவலரும் வாழ்ந்தார்கள். அருகே கடலுக்குள் நேராக இறங்கும் பாறை. தண்டிக்கப்பட்டோரை இங்கிருந்துதான் தள்ளிவிட்டார்கள் என்று சூட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். எவ்வளவு உண்மையோ! பகைவரால் எழுதப்பட்ட வரலாறு திபேரியஸுடையது.

அந்த உச்சியில் நின்றால் தீவுக்கும் எதிர்முனைக்கும் இடைப்பட்ட கடற்கால் காலடியில் தெரிகிறது. அலெக்சாந்திரியாவிலிருந்து வரும் கப்பல்கள் இந்த வழியே நுழையும்போது, அவை மட்டுமே மேற்பாயை இறக்காமல் வரும் என்றும், அதைக் கண்டே எதிர்க்கரையான புத்தியோலியில் மக்கள் கூடுவர் என்றும் செனெக்கா ஒரு கடிதத்தில் வருணிக்கிறார். அக்கப்பல்களில் பெரும்பாலும் எகிப்தின் கோதுமை. முசிறியிலிருந்து செங்கடல் வழியே அலெக்சாந்திரியாவுக்குச் சேர்ந்த மிளகும் மணியும் அவற்றோடு வந்திருக்கத்தான் வேண்டும். படியூர்க் கல் இந்தப் பாறையின் நிழலைக் கடந்து போயிருக்கும். மேலே அமர்ந்திருந்த கிழவன் பார்த்திருக்கவும் கூடும்.

பார்த்திருந்தால் மகிழ்ந்திருக்க மாட்டான். கி.பி. 22இலேயே செனட்டுக்கு எழுதிய மடலில், பெண்களின் ஆடம்பரக் கற்களுக்காக நம் செல்வம் அந்நியருக்கும் பகைவருக்கும் போய்ச் சேருகிறதே என்று அவன் குறைப்பட்டதை டாசிட்டஸ் பதிவு செய்திருக்கிறார். அப்படிப் போன செல்வத்தில் அவன் முகமே பொறிக்கப்பட்டிருந்தது என்பதுதான் வேடிக்கை.

1842இல் வெள்ளலூரில் கிடைத்த புதையலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள். மிகப்பெரும்பாலானவை அகஸ்டஸுடையவையும் திபேரியஸுடையவையும். பொள்ளாச்சியிலும் கரூரிலும் கிடைத்தவற்றிலும் இவ்விருவரே மிகுதி. இதைக் கொண்டு திபேரியஸ் காலத்தில்தான் வணிகம் உச்சத்தில் இருந்தது என்று எழுதிவிடுவது நம்மவர் வழக்கம். அது அவசர முடிவு. கி.பி. 64இல் நீரோ காசின் எடையையும் வெள்ளியின் தூய்மையையும் குறைத்தான். அதன் பிறகும் இங்குள்ள வணிகர் பழைய நல்ல காசையே கேட்டு வாங்கியிருக்கலாம். அவ்வாறாயின் காப்ரிக் கிழவன் இறந்து பல்லாண்டு கழித்தும் அவன் முகம் பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்குக்கு வந்துகொண்டிருந்திருக்கும். உரசிப் பார்த்துக் காசு வாங்கும் நம் ஊர்ப் புத்தி பழையதுதான்.

யோவிஸ் மாளிகையை 1930களில் அகழ்ந்தவர் அமெதியோ மையூரி. அதே மையூரிதான் 1938இல், வெசூவியஸின் சாம்பல் மூடிய பொம்பெயில், இந்தியத் தந்தச் சிற்பம் ஒன்றைக் கண்டெடுத்தார். அணிகள் பூண்ட அந்தப் பெண்ணுரு நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவளை லட்சுமி என்றார்கள் முதலில், யட்சி என்கிறார்கள் இப்போது.

ஊர் திரும்பிய பின் ஒரு ஞாயிறன்று வெள்ளலூர் போனேன். தேனீஸ்வரர் கோயிலில் சிறிது நேரம் இருந்துவிட்டுக் குளத்துப் பக்கம் நடந்தேன். ரோமானியக் காசு கிடைத்த இடம் எது என்று கேட்டதற்கு, தேநீர்க் கடைக்காரர் சற்று யோசித்து, "காசுங்களா? அதெல்லாம் தெரியாதுங்க. குப்பைமேட்டுக்குப் போறதுன்னா இப்படிக்கா போங்க" என்றார். கோவை நகரத்தின் குப்பை ஆண்டுக்கணக்காக வந்து குவிந்த ஊர் அது. காற்று அந்தத் திசையிலிருந்துதான் வீசிக்கொண்டிருந்தது. காப்ரியின் கரையில் பொறுக்கி வந்த பச்சைநிறக் கூழாங்கல் ஒன்று சட்டைப்பையில் கிடந்தது. கடைக்காரரின் பேத்தி அதை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, திருப்பித் தர மறுத்துவிட்டாள்.